‘ஸாரி சொல்லு, கை குடு’ என்று முடித்து வைக்காதீர்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் மேலாண்மைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைமையாசிரியர்களுக்கும், தமிழகத்தின் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் என்னைப்போல் உறுப்பினராக இருக்கும் பெற்றோர்க்கும்,

வணக்கம்.

தென்மாவட்டப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வி ஆர்வலர் என்ற பெயரில் எனக்கும் ஓர் இருக்கை உண்டு. போன கூட்டத்தில் கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, இடிந்து கிடக்கும் சுற்றுச்சுவர் என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியாக ‘மாணவர் பாதுகாப்பு’ என்ற தலைப்பு வந்தது. “பிரச்சினை ஏதுமில்லை” என்று தீர்மானக் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதப்பட்டது. அதன் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வரி என்னை விடவில்லை. முந்நூறு பிள்ளைகள் படிக்கிற ஓர் இடத்தில் ஒரு மாதம் முழுக்க ஒரு பிள்ளையும் இன்னொரு பிள்ளையால் அழவில்லை என்று எப்படி எழுதினோம்? யாரைக் கேட்டோம்? அதனால்தான் இந்த மடல்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். திக்குவாய். செய்யுள் வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். பின்பெஞ்சிலிருந்து அந்த எழுத்தை அப்படியே திருப்பிச் சொல்வார்கள், வகுப்பே சிரிக்கும். நான் அதட்டுவேன், சிரிப்பு அடங்கும். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கட்டுரை நோட்டுத் திருத்தும்போது, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: “டீச்சர், என்னைய வாசிக்கச் சொல்லாதீங்க. மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி அதையே திரும்ப வாசிக்கச் சொல்றாங்க. திக்குனா பிடரியில அடிக்காங்க.”

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போனேன். நாலு பேரை எழுப்பினேன். அவனையும் கூப்பிட்டு, ஆசிரியர் அறையில் அவர்களோடு வரிசையாக நிறுத்தி, “இவங்கதானா? சொல்லு, பயப்படாத” என்றேன். அவன் தரையைப் பார்த்தபடி, “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றான். நோட்டு என் கையில் இருந்தது. நாலு பேரையும் ஸாரி சொல்ல வைத்தேன். கை கொடுக்க வைத்தேன். “இனிமே எல்லாரும் ஃபிரெண்ட்ஸா இருக்கணும்” என்று அனுப்பி வைத்தேன். அன்று சாயங்காலம் நல்ல காரியம் செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே பதினோரு நாள் விடுப்புக்குறி போட்டேன். பன்னிரண்டாம் நாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவன் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதிக்கொடுத்தோம். அடித்த நாலு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு முடித்தார்கள். கை கொடுத்துவிட்டு வெளியே போனதும் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டில் என்ன நடந்தது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவேயில்லை.

எனக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. ஆனால் நான் செய்த ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகவே முடிந்தது. ரகசியமாகச் சொன்னதை ஊரறியச் செய்தேன். அடித்தவர்கள் முன்னாலேயே சாட்சி சொல்லச் சொன்னேன். ஒரே சாயங்காலத்தில் கோப்பை மூடினேன். மறுநாள் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. இந்த நான்கையும் செய்யாதே என்று எனக்குச் சொல்ல அந்தப் பள்ளியில் ஒரு தாள்கூட இல்லை. இன்று உங்களில் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறது?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவரை அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன் அந்த மாணவர் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தார்கள், அவர் நடந்ததைச் சொன்னார். சொன்ன செய்தி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது, அரிவாள் வீட்டுக்கு வந்தது. புகாருக்கும் வெட்டுக்கும் இடையில் அந்தப் பிள்ளைக்குக் காவலாக யாரும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கியபோது எல்லோரும் பாராட்டினோம். அந்தப் பாராட்டில் எனக்கு நெஞ்சு கனத்தது. பெரியவர்கள் செய்யத் தவறியதை ஒரு பிள்ளை தனியாகத் தாண்டி வந்திருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாங்குநேரியில் நடந்தது சாதிக் குற்றம். அதைப் ‘பசங்க சண்டை’ என்றோ ‘கேலி முத்திவிட்டது’ என்றோ எழுதுவது அந்தக் குடும்பத்தை இன்னொரு முறை வெட்டுவதற்குச் சமம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துகிற இடத்தில் அதுதான் பேச வேண்டும். பள்ளியின் விதிமுறை அதற்கு மாற்று ஆகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் அப்படித்தான். பாலியல் தொல்லை என்று தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது அந்தச் சட்டத்தின் 19, 21ஆம் பிரிவுகளின்படி குற்றம். “பொம்பளப் பிள்ள பேரு கெட்டுப்போயிரும், நாமளே பேசி முடிச்சிருவோம்” என்று சொல்லும் உரிமை தலைமையாசிரியருக்கும் கிடையாது, ஊர்ப் பெரியவருக்கும் கிடையாது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடைசெய்வது, அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைப்பது, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று பலவற்றை அது பரிந்துரைத்தது. கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் விவாதம் நடந்தது. கயிறு பற்றிய சுற்றறிக்கை 2019லேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வந்து, வந்த வேகத்தில் அடங்கியும் போனது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு பரிந்துரை: மாணவரின் சாதி விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், உதவித்தொகை பற்றிய அறிவிப்பை வகுப்பில் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது. “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு” என்று எத்தனை வகுப்பில் கேட்டிருக்கிறோம்! எழுந்து நின்ற பிள்ளையை நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மதியம் அந்தப் பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் யார் உட்காரவில்லை என்று நாம் பார்த்தோமா?

யாரிடம் சொல்வது என்ற குழப்பம் கல்லூரியில் குறைவு. சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு ராகிங் என்றால் என்ன, யாரிடம் சொல்வது என்று தெரியும். சேரும்போதே உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் கையில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. ஆனால் பள்ளிக்கூடங்களில் அதை ஆசிரியரின் பிரம்போடு நிறுத்திப் படிக்கிறார்கள். பக்கத்து பெஞ்சுக்காரனின் கை அதில் யார் கண்ணிலும் படுவதில்லை.

பிள்ளையைப் பிள்ளையே வதைப்பதற்குச் சரியான பெயரே நம் பள்ளிகளில் இல்லை. பகடிவதை என்பது செய்தித்தாளில் வரும் சொல். பிள்ளைகள் சொல்வது ‘ஓட்டுறாங்க’, ‘கலாய்க்காங்க’, ‘வம்பு இழுக்காங்க’. கேட்டால், “சும்மா வெளையாட்டுக்கு டீச்சர்” என்பார்கள். விளையாட்டில் இரண்டு பேரும் சிரிப்பார்கள், இன்று ஓட்டுகிறவனை நாளை மற்றவன் ஓட்டுவான். எப்போதும் ஒரே பிள்ளைதான் அகப்படுகிறது, அந்தப் பிள்ளையால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, இது நாள்தோறும் நடக்கிறது என்றால் அது விளையாட்டு இல்லை. நார்வேயில் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டு ஆராய்ந்து வகுத்த அடையாளமும் ஏறத்தாழ இதுதான். அந்த நாட்டில் 1982இன் கடைசியில் மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் தொடங்கினார்கள்.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். சென்னையிலிருந்து சுற்றறிக்கை வரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பள்ளிக்கு என்று ஒரு பக்க விதிமுறையை உங்கள் மேலாண்மைக் குழுவிலேயே எழுதுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே அந்த மேசையில் பெரும்பான்மைக் குரல் அவர்களுடையது. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதுங்கள். அலுவலகத் தமிழ் வேண்டாம்.

அதில் முதலில் இருக்க வேண்டியது, யாரிடம் சொல்லலாம் என்பது. ‘ஆசிரியரிடம்’ என்று பொதுவாக எழுதினால் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். மூன்று பேரின் பெயர் இருக்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மூவரும் ஒரே சாதிக்காரர்களாக இருந்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சத்துணவுக்கூடத்து அக்காவிடம் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் இருந்தால் என்ன குறை? வெளியே சொல்ல, குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 ஆகியவை இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது என்று விட்டுவிடாமல், கழிப்பறைக் கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். பிள்ளை தனியாக நின்று வாசிக்கிற இடம் அது ஒன்றுதான்.

அடுத்தது, சொன்ன பிறகு வரும் முதல் நாள். என் கண்ணுக்கு எல்லாம் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. புகார் சொன்ன பிள்ளையையும், யார்மேல் புகாரோ அந்தப் பிள்ளையையும் ஒரே அறையில் நிறுத்தக் கூடாது. சொன்னவர் யார் என்பதை மறுபக்கத்துப் பெற்றோரிடம் சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளை இன்று சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போகும் என்று கேளுங்கள். எந்த டவுன் பஸ், எந்த நிறுத்தம், கூட யார் வருகிறார்கள்? நாலரை மணிப் பஸ்ஸின் பின்படிக்கட்டில் நடப்பது எந்த ஆசிரியர் கண்ணிலும் படாது. அடித்தவர்களும் அதே பஸ் என்றால் அன்றைக்கு அப்பாவையோ அம்மாவையோ வரச்சொல்லுங்கள். அவர்கள் கூலிவேலைக்குப் போயிருந்தால் ஓர் ஆசிரியர் கூடப் போகட்டும். பெரிய தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். மிரட்டல் வெட்டுக்குத்து வரை போகும் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், இரவு வரை பொறுக்காதீர்கள்.

மூன்றாவதாக, இடம் மாற வேண்டியது சொன்ன பிள்ளை இல்லை. “நீ முன்னாடி வந்து உக்காந்துக்கோ”, “பி செக்ஷனுக்கு மாத்திரலாமா?” என்று நல்ல மனதோடுதான் கேட்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்புக்கு அது வேறு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது: வாயைத் திறந்தவனுக்குத்தான் தண்டனை. பெஞ்சு மாற வேண்டுமானால் அடித்தவன் மாறட்டும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு பெற்றோர் வந்தால், எழுதிக்கொடுக்கும் முன் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். என்னை யாராவது அப்படிப் பேசச் சொல்லியிருந்தால் திருப்பூருக்கு ஒரு பையன் போயிருக்க மாட்டான்.

மறுபடி கூப்பிட்டுக் கேட்பது மிக எளிது. அதையும் யாருமே செய்வதில்லை. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, பரீட்சை விடுமுறை முடிந்து வரும்போது இன்னொரு முறை, யாரும் பார்க்காத இடத்தில் அந்தப் பிள்ளையிடம் “இப்ப எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். கேட்ட தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முதல் தடவை ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் வரும். மூன்றாம் தடவை நிஜம் வரும்.

அடித்த பிள்ளையை என்ன செய்வது? “டி.சி. குடுத்து அனுப்பிருங்க” என்ற குரல் எல்லாக் கூட்டத்திலும் எழும். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன். அந்த நாலு பேரில் ஒருவன் வீட்டுக்குப் பின்னொரு நாள் போனேன். அப்பா குடித்துவிட்டு அவன் கண்முன்னே அம்மாவை அடிப்பவர். அவன் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் அவனிடமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தான் உடைத்ததை அவன் ஈடு செய்ய வேண்டும், பிடுங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும், இடைவேளையில் ஆசிரியர் பார்வையில் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஒருவரிடம் வந்து பேச வேண்டும். இவை பிரம்பைவிடக் கடினமானவை. பிரம்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், வெளியே போய் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வான்.

சிரித்தவர்களை மறந்துவிடக் கூடாது. பின்லாந்தில் ‘கிவா’ என்றொரு திட்டம் இருக்கிறது. அடிப்பவன், அடிபடுபவன் இருவரோடு நிற்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களிடமே அதிகம் வேலை செய்கிறார்கள். என் வகுப்பில் அந்த முதல் எழுத்தைத் திருப்பிச் சொன்னவர்கள் நாலு பேர்தான், சிரித்தவர்கள் நாற்பது பேர். அந்த நாற்பதில் பத்துப் பேர் சிரிக்காமல் இருந்திருந்தால் நாலு பேருக்கும் வேடிக்கை காட்ட ஆள் இருந்திருக்காது. சண்டையில் குறுக்கே விழு என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார் என்று சொல்லலாம் அல்லவா?

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு மாணவி தூங்கி வழிந்த முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிடுகிறார்கள். வகுப்புக் குழுவில் எது நடந்தாலும் பதிலாக அந்த முகம் வந்து விழும். அடி ஒன்றும் விழவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கு வர மறுக்கிறாள். இரவு பத்து மணிக்கு நடந்தது என்பதால் பள்ளிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லாதீர்கள். மறுநாள் காலை அவள் உட்கார வேண்டியது உங்கள் பெஞ்சில். வகுப்பின் பெயரால் ஓடும் குழுவில் நடப்பதும் பள்ளியில் நடப்பதுதான் என்று அந்த ஒரு பக்கத் தாளில் எழுதிவிடுங்கள்.

ஆசிரியர்களாகிய நம்மையும் அந்தத் தாள் கட்ட வேண்டும். ‘குண்டு’, ‘கருவாயா’, ‘நெட்டக்கொக்கு’ என்று பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் முதலில் எங்கிருந்து வருகிறது? பாதிக்குப் பாதி நம் வாயிலிருந்துதான். பாசத்தில் சொன்னோம் என்போம். நாம் சொன்னதைத்தான் பின்பெஞ்சு எடுத்து வைத்துக்கொள்கிறது.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடு. எங்கள் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. யார் சீட்டுப் போட்டாலும் நாலு பேர் கண்ணில் படும். பெட்டியைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாயும் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். ஆசிரியரைப் பற்றியே ஒரு சீட்டு விழுந்தால் அது கிழிந்துபோகாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் ஒரு திருத்தம் கொண்டுவரப்போகிறேன். தீர்மானக் குறிப்பேட்டில் மாணவர் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் ‘பிரச்சினை ஏதுமில்லை’ என்று இனி எழுதக் கூடாது. ‘இந்த மாதம் இத்தனை பிள்ளைகள் வந்து சொன்னார்கள், போன மாதம் சொன்னவர்களில் இத்தனை பேரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டோம்’ என்று எண்ணிக்கை மட்டும் எழுத வேண்டும், பெயர் வேண்டாம். எண்ணிக்கை கூடினால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைகள் நம்மை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்று நான் பதில் சொல்வேன். உங்கள் ஊர்க் கூட்டத்திலும் இதே திருத்தத்தை யாராவது ஒருவர் எழுந்து நின்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை